விருந்தாளிக்கு உப்புத் தண்ணீர்

துணியின் மேல் நான் விட்ட அயோடின் சொட்டு கருநீலமாக மாறியபோது, முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு, பரீட்சைக் கூடத்தில் மேற்பார்வை பார்ப்பவர் மாதிரி நின்றிருந்தார்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், எனக்கு அப்போது கோபம் மூக்கின் மேல் இருக்கும். என் கையிலிருந்த துணியில் ஒரு துண்டைக் கிழித்து, பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரில் போட்டார். துண்டு முழுகவில்லை. ஜம்மென்று மிதந்தது.

"ஏம்மா, நாம பேண்டேஜ் செய்யிறோமா, கப்பல் செய்யிறோமா?" என்று கேட்டார். பிறகு முற்றத்தைப் பார்த்தார். அங்கே வைக்கோல் சுற்றிய ஆசிட் ஜாடிகள் காலையில்தான் லாரியிலிருந்து இறங்கியிருந்தன.

அடுத்த தொட்டித் துணியும் நீலம் காட்டினால் திங்கட்கிழமையிலிருந்து பழையபடி ஆசிட்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கஞ்சி செய்த வம்பு

எண்பதுகளின் பிற்பாதியில் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியை வெளுக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் நான் கெமிஸ்டாக இருந்தேன். தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் வழியெல்லாம் மலை கூடவே வரும். கிடைக்காவிட்டால் யாரோ ஒருவருடைய பால்கோவா டப்பா மடியில் வந்து உட்காரும்.

தறியில் போடும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். போடாவிட்டால் நெய்கிற வேகத்தில் நூல் அறுந்துபோகும். ஆனால் நெய்து முடித்த பிறகு அந்தக் கஞ்சி ஒரு பெரிய வம்பு. கஞ்சி இருக்கிற துணி தண்ணீரை இழுக்காது, இரத்தத்தையும் இழுக்காது. என் அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். காயத்தில் கஞ்சித் துணியைக் கட்டினால் அது கட்டில்லை, அட்டை என்று சொல்வார். அவர் காலில் ஒரு பழைய தழும்பு இருந்ததால் அந்த விஷயத்தில் வீட்டில் யாரும் அவரோடு வாதிடுவதில்லை.

எனவே துணியிலிருந்து கஞ்சியை எடுக்க வேண்டும். எடுத்தாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சொட்டு அயோடின். கஞ்சி இருந்தால் நீலம், இல்லாவிட்டால் அயோடினின் மஞ்சள் மட்டும். என் வேலையே அந்தச் சொட்டுதான். விரல் நுனியெல்லாம் எப்போதும் பழுப்புக் கறையாக இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெண்கள், ஏட்டி, மருதாணி ஏன் இப்படிப் பிடிச்சிருக்கு என்று உரிமையோடு கேட்பார்கள்.

செல்லத்தாயி அக்காவின் கை

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கஞ்சியை ஆசிட்டில்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீர்த்த ஆசிட்தான், ஆளைக் கொல்லாது. ஆனால் அதில் ஊறிய துணியை அலசிப் பிழிகிற பெண்களின் கைகளை அது விடவில்லை. உள்ளங்கை உரிந்து, விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கும்.

அவர்களில் செல்லத்தாயி அக்காவுக்கு என்மேல் தனிப் பிரியம். கூமாப்பட்டியில் பிறந்து, ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவர். ஒரு நாள் கோயில் கொடைத் திருவிழா என்று பிச்சிப்பூ வாங்கி வந்து, எனக்கு வைத்துவிடுகிறேன் என்று என் பின்னால் வந்து நின்றார். பின்னலைத் தொட்டதும் அவருடைய விரல் வெடிப்பில் என் முடி சிக்கிக்கொண்டது. எடுக்கப் போனால் இன்னும் இழுத்தது. நான் அறியாமல் ஸ் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா சட்டென்று கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். "முள்ளுக் கை தாயி இது. நீயே வச்சுக்க" என்று பூவை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். தன் மகளுக்குத் தலை பின்னுவதுகூடப் பக்கத்து வீட்டுப் பெண்தான் என்று பிறகு தெரிந்தது.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில்தான் என்சைம் பேச்சை எடுத்தேன். கஞ்சியை மட்டும் வெட்டித் தின்று, துணியையும் கையையும் தொடாமல் விட்டுவிடுகிற ஒரு பொருள் இருக்கிறது, கிருமிகளிடமிருந்து எடுக்கிறார்கள், பெரிய மில்களில் எல்லாம் அதுதான் என்று முதலாளியை விடாமல் அரித்தேன். அவர் நல்ல மனிதர். ஆனால் எதையும் உடனே ஒத்துக்கொண்டால் மரியாதை போய்விடும் என்று நினைப்பவர். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழா முடிந்த பிறகுதான் சரி என்றார்.

மாலை போட்ட டின்

என்சைம் வந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். அது ஒரு பழுப்புத் திரவம், பழைய மோர் மாதிரி லேசாக வாடை அடிக்கும். முதலாளி அந்த டின்னுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்தார். பிறகு எல்லோரையும் கூட்டி நிறுத்தி ஒரு பேச்சு.

"ஆசிட்டு நம்ம வேலைக்காரன். எப்படி வேணும்னாலும் நடத்தலாம். இது உயிருள்ளதுகிட்ட இருந்து வந்த சரக்கு. வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி மரியாதையா வச்சுக்கணும்."

நானும் தலையாட்டினேன். அதிகமாகக் கொதிக்க வைத்துவிடாதீர்கள் என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். தொட்டி ஃபோர்மேன் மாடசாமி அண்ணாச்சி மட்டும் அந்தப் பேச்சை நான் எடுத்துக்கொண்டதைவிட ஆழமாக எடுத்துக்கொண்டார். தேவதானத்துக்காரர், வயலும் உண்டு, விருந்தோம்பலில் ஊர் முழுக்கப் பெயர் வாங்கியவர்.

கோடை முழுவதும் என்சைம் வெளுத்து வாங்கியது. துணி வாளியில் விழுந்ததும் முழுகும். அயோடின் மஞ்சளாகவே நிற்கும். பெண்களின் கைகளில் மெல்லப் புதுத் தோல் வந்தது. நான் பஸ்ஸில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தேன்.

இரண்டு குடம்

இங்கே எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் தண்ணீர் இரண்டு வகை. மலையிலிருந்து வருவது நல்ல தண்ணி. ஆழ்துளைப் போரில் ஏறி வருவது உப்புத் தண்ணி. ஆலங்குளத்துப் பக்கம் பூமியைத் தோண்டினால் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக் கல்லாக வருகிறது. அப்படிப்பட்ட மண்ணுக்குள் கிடக்கிற தண்ணீர் எப்படி இருக்கும். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நார் ஆகிவிடும்.

வீட்டுக்கு வந்தவருக்குத் தெரியாமல் உப்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டால் அது ஒரு தலைமுறைக்குப் பேச்சாகிவிடும். என்னை முதலில் பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டில் அது நடந்தது. பதற்றத்தில் அம்மா குடத்தை மாற்றி மொண்டுவிட்டார். மாப்பிள்ளையின் மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண்ணை உருட்டிய காட்சியை நான் கதவிடுக்கில் பார்த்தேன். சிரிப்பை அடக்கப் பார்த்தேன், சத்தம் கூடத்துக்கே கேட்டுவிட்டது. அவர்கள் பஜ்ஜியைக்கூட முடிக்காமல் கிளம்பினார்கள்.

அந்த வருத்தம் ஆறுகிற வரைக்கும் போகட்டும் என்றுதான் அப்பா என்னை வேலைக்கு அனுப்பினார். உப்புத் தண்ணீர் எனக்குச் செய்த முதல் நன்மை அது.

மழை வந்தது, நீலம் வந்தது

ஐப்பசியில் மழை கொட்டியது. ஓடையெல்லாம் நிரம்பி, தொழிற்சாலையின் நல்ல தண்ணீர்த் தொட்டி வழிந்தது. எல்லோர் முகமும் தெளிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து அயோடின் நீலமாக ஆரம்பித்தது.

முதலில் லேசான ஊதா. என்சைமைக் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். அடுத்த தொட்டி நீலம். சூட்டைச் சரி பார்த்தேன். புது டின் உடைத்தேன். கருநீலம். தயாரித்தவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபத்தோடு அதே டின்னிலிருந்து கொஞ்சம் எடுத்து என் லேபில் ஒரு பீக்கரில் துணித் துண்டைப் போட்டுச் சூடாக்கிப் பார்த்தேன். கஞ்சி சுத்தமாகப் போயிருந்தது.

அதே துணி, அதே என்சைம், அதே சூடு. பீக்கரில் பிழைத்தது தொட்டியில் செத்தது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. அன்று மாலை பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தும் மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

இந்த நிலையில்தான் ஆசிட் ஜாடிகள் வந்து இறங்கின. முதலாளி போன பிறகு செல்லத்தாயி அக்கா லேப் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"திரும்பவும் ஆசிட்டுதானா?" என்றார். இரண்டு கைகளையும் விரித்துத் தானே பார்த்துக்கொண்டார். "இப்பத்தான் தோலு வந்திருக்கு" என்று சொன்னார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. தன் கைகளிடம் சொன்னது மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்தது.

நுரை

அழுத முகத்தோடு யாரும் பார்க்கக் கூடாது என்று தொட்டிப் பக்கம் போய், அங்கே கிடந்த ஹோஸ் பைப்பில் முகம் கழுவினேன். அலசும் பெண்கள் வைத்திருந்த ஒரு சோப்புத் துண்டு கிடந்தது. கையில் அயோடின் கறை போகட்டும் என்று தேய்த்தேன்.

நுரை பொங்கியது. முழங்கை வரைக்கும் வெள்ளை வெளேரென்று நுரை. கழுவக் கழுவப் போகவில்லை.

அந்தத் தொழிற்சாலையில் சோப்பு நுரைத்து நான் பார்த்ததே இல்லை. அங்கே கை கழுவினால் தயிர் திரிந்த மாதிரி ஒரு அழுக்குதான் மிதக்கும். நுரையோடேயே பைப்பைத் தூக்கி, அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். பிறகு மாடசாமி அண்ணாச்சியைக் கூப்பிட்டு, இது எந்தத் தண்ணீர் என்று கேட்டேன்.

அவர் முகத்தில் பெருமை வழிந்தது. "நல்ல தண்ணிம்மா. ஓடை வந்ததுல இருந்து இந்தத் தொட்டிக்கு நல்ல தண்ணிதான் விடுதேன். விருந்தாளின்னு மொதலாளி அவிய வாயால சொன்னாவல்ல. கோடையில வேற வழியில்லாம உப்புத் தண்ணிய ஊத்துனோம். எனக்கு அம்புட்டு நாளும் மனசே கேக்கல."

இதை யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டேன். நல்லது செய்துவிட்டுத் தம்பட்டம் அடிப்பார்களா என்று திருப்பிக் கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என்ன மாற்றினீர்கள் என்று நான் கேட்டபோதெல்லாம் எதுவும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார். கெடுதலாக எதுவும் மாற்றவில்லை என்பது அவர் பதிலின் பொருள்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். கையில் நுரையோடு, கன்னத்தில் கண்ணீர்க் கறையோடு சிரித்த என்னைப் பார்த்து, செத்த நேரம் உக்காருங்க கெமிஸ்டம்மா, சோடா வாங்கியாரேன் என்று அவர் பதறிப் போனார்.

நடுவில் ஒரு ஆணி

என் லேபுக்கு நல்ல தண்ணீர் கிடையாது. அது வீணாகக் கொட்டுகிற இடம் என்பது எல்லோருடைய அபிப்பிராயம். அதனால் என் பீக்கரில் எப்போதும் உப்புத் தண்ணீர்தான்.

முதலாளியின் மேஜையில் மூன்று பீக்கர்களைச் சுடச்சுடக் கொண்டுபோய் வைத்தேன். ஒன்றில் உப்புத் தண்ணீர். ஒன்றில் நல்ல தண்ணீர். மூன்றாவதிலும் நல்ல தண்ணீர்தான், ஆனால் லேபில் ஈரம் உறிஞ்ச வைத்திருந்த கால்சியம் குளோரைடில் ஒரு சிட்டிகை கரைத்திருந்தேன். மூன்றிலும் ஒரே அளவு என்சைம், ஒரே துணி. ஆறிய பிறகு துணிகளை எடுத்து விரித்து அயோடின் விட்டேன். நல்ல தண்ணீர்த் துணி மட்டும் நீலம். மற்ற இரண்டும் மஞ்சள்.

அவர் இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நல்ல தண்ணீர் எப்படியம்மா கெடுதல் செய்யும் என்று கேட்டார்.

"அதுக்கு உப்புத் தண்ணிதான் சார் நல்ல தண்ணி" என்றேன்.

பிறகு விளக்கினேன். இந்த என்சைமைக் கஞ்சியை வெட்டுகிற ஒரு கத்தரிக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்கோலின் நடுவில் ஒரு ஆணி இருக்கும். அந்த ஆணி எதையும் வெட்டுவதில்லை. ஆனால் அது கழன்றால் இரண்டு தகரம்தான் மிஞ்சும். இந்த என்சைமுக்குள் கால்சியம்தான் அந்த ஆணி, அதன் மடிப்புகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தண்ணீரில் கால்சியம் இருந்தால் ஆணி தங்கும். இல்லாத தண்ணீரில், அதுவும் அந்தச் சூட்டில், கழன்று போய்விடும். உப்புத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து தாராளம். மலைத் தண்ணீரில் பேருக்குத்தான் இருக்கிறது.

முதலாளி மேலே விட்டத்தைப் பார்த்து யோசித்தார். "அப்ப அருணாக்கயிறு மாதிரின்னு சொல்லு. அது ஒரு வேலையும் செய்யாது. ஆனா அது இல்லாட்டி தெருவுல நடக்க முடியாது."

இருபது வருடங்கள் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தியபோது, அந்த உதாரணத்தைச் சொல்லலாமா என்று ஒவ்வொரு வருடமும் யோசித்து, ஒவ்வொரு வருடமும் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் மற்ற எதை மறந்தாலும் அதை மறக்கவில்லை.

எல்லா உலோகமும் கயிறாகவோ ஆணியாகவோ மட்டும் நிற்பதில்லை என்பதையும் அவர்களுக்குச் சொல்வேன். நம் இரத்தத்தில் ஒரு என்சைமுக்குள் துத்தநாகம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு தண்ணீர் மூலக்கூறைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்து, அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டு, கரியமில வாயுவோடு சேர அதைத் தயார் செய்து கொடுக்கிறது. அது இல்லாவிட்டால் நாம் உடம்பிலிருந்து கரியமில வாயுவை இந்த வேகத்தில் வெளியேற்ற முடியாது. காயத்தில் பெராக்சைடு விட்டால் பொங்குகிறதே, அது இரத்தத்திலுள்ள ஒரு என்சைமுக்குள் இருக்கும் இரும்பின் கைவேலை. ஒரு துளி உலோகம், இத்தனை பெரிய புரதத்துக்கு நடுவில், கண்ணுக்கே தெரியாமல். எனக்கு இன்றைக்கும் இதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மாடசாமி அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியானால் என் வெற்றிலைச் சுண்ணாம்பையே கரைத்துவிடலாமே என்று டப்பாவை நீட்டினார். சுண்ணாம்பு காரம், அது வேறு விதமாகக் கெடுக்கும் என்று சொல்லி வாங்கி மேஜைக்குள் வைத்தேன். அவரை நம்ப முடியாது, பாசம் பொங்கினால் போட்டுவிடுவார்.

தொட்டி

முதலாளி அப்போதும் பிடி கொடுக்கவில்லை. பீக்கரில் எல்லாம் நடக்கும், தொட்டியில் காட்டு என்றார். ஜாடிகள் முற்றத்திலேயே இருக்கட்டும் என்றார்.

தொட்டியைக் காலி செய்து உப்புத் தண்ணீர் நிரப்பினோம். வால்வைத் திறக்கும்போது அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. விருந்தாளிக்கு இதைச் செய்கிறோமே என்ற வருத்தம் அவர் கழுத்திலேயே தெரிந்தது.

துணி ஊறி வெளியே வந்தது. சூட்டோடு அயோடின் விடக் கூடாது, கஞ்சி இருந்தாலும் நிறம் காட்டாமல் ஏமாற்றிவிடும். ஆறட்டும் என்று காத்திருந்தோம். முதலாளி வந்தார். அலசும் பெண்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். செல்லத்தாயி அக்கா கைகளை முந்தானைக்குள் வைத்திருந்தார்.

நான் அவசரமாக அழுத்தியதில் ஒரு சொட்டுக்குப் பதிலாக ஒரு வரிசையே விழுந்துவிட்டது. எல்லோரும் குனிந்து பார்த்தோம். மஞ்சள். துணியைத் திருப்பினோம், அங்கேயும் மஞ்சள். முதலாளி தன் வழக்கப்படி ஒரு துண்டைக் கிழித்து வாளியில் போட்டார். அது விழுந்த இடத்திலேயே முழுகியது.

அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு முற்றத்துப் பக்கம் திரும்பி, "ஏலே, அந்த ஜாடிய எல்லாம் லாரியில ஏத்துங்க" என்றார். என்னைப் பாராட்டவில்லை. உடனே பாராட்டினால் மரியாதை போய்விடும். ஆனால் மறுநாள் என் லேபில் புதிதாக ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அவனவனுக்கு எது பிடிக்கும்னு கேட்டுட்டுல்ல பரிமாறணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நான் லேபுக்குத் திரும்பி ஸ்டூலில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து ஓடிய ஓட்டத்தில் பின்னல் அவிழ்ந்து முதுகெல்லாம் முடியாகக் கிடந்தது. பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்து திரும்பப் போனேன்.

"ஆடாம இரு ஏட்டி" என்றார் செல்லத்தாயி அக்கா. அதுவரை அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

முடியை மூன்றாகப் பிரித்தார். நான் பழைய நினைப்பில் கழுத்தை இறுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரல்கள் மேலிருந்து நுனி வரைக்கும் மெதுவாக இறங்கின, திரும்பவும் மேலே போயின, திரும்பவும் இறங்கின. பின்னி முடித்து ரிப்பன் கட்டிவிட்டு, என் தோளில் லேசாகத் தட்டினார்.

ஒரு முடிகூடச் சிக்கவில்லை.